எதையும் துல்லியமாக அளக்க முடியாது என்றால் பிளாங்க் மாறிலிக்கு மட்டும் எப்படி இத்தனை இலக்கம்?

பென்னாகரம் எம்எஸ்சி

தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் படிக்கிறேன். ஆய்வகத்தில் எல்இடி வைத்து பிளாங்க் மாறிலி காணும் சோதனை நடந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட்டில் எரியத் தொடங்குகிறது என்று பார்த்து, அலைநீளத்தின் தலைகீழ் மதிப்போடு வரைபடம் போட்டு, சாய்விலிருந்து எச்-ஐ (பிளாங்க் மாறிலியின் குறியீடு) எடுக்க வேண்டும். எனக்கு வந்தது 5.9 × 10⁻³⁴ ஜூல் விநாடி. அட்டவணையில் 6.62607015 × 10⁻³⁴ என்று இருக்கிறது, பிழை போடும் இடத்தில் "பிழை இல்லை" என்றே அச்சடித்திருக்கிறார்கள்.

வைவாவில் "ஏன்மா பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளிப் போயிருக்கு" என்று கேட்டார்கள். நான் முழித்தேன். பக்கத்தில் நின்ற பையன் "நிச்சயமின்மைக் கொள்கை சார், இயற்கையிலேயே எதையும் துல்லியமா அளக்க முடியாது" என்று போட்டான், தேர்வாளரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதுதான் உறுத்துகிறது. அந்தக் கொள்கை எனக்குப் பொருந்தும் என்றால் அந்த ஒன்பது இலக்கம் கண்டுபிடித்தவர்களுக்கும் பொருந்தத்தானே வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சமன்பாடு எழுதினாலும் பரவாயில்லை.

கேஆர்பி அணை

பையன் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். ஒரு பொருளை அளக்க அதன் மேல் ஒளியாவது பட வேண்டும், பட்டால் அது கலையும், கலைந்ததைத்தான் நாம் அளக்கிறோம். ஹெய்சன்பர்க் 1927-ல் சொன்னது இதைத்தான். "பிழை இல்லை" என்று போட்டிருப்பது அளந்து வந்தது இல்லை தங்கச்சி, கூட்டம் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்தது. அளக்க முடியாததை ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஓசூர் மைக்ரோமீட்டர்

நான் இயற்பியல் படித்தவன் இல்லை, சிப்காட்டில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. எங்கள் ஸ்லிப் கேஜ் (நீளம் சரிபார்க்கும் கட்டை) அளவுத்திருத்தத்துக்குப் போய் வரும்போது சான்றிதழில் "அளவீட்டு நிச்சயமின்மை இவ்வளவு" என்று ஒரு எண் வரும். வெப்பநிலை, கருவியின் மீச்சிற்றளவு, திரும்பத் திரும்ப அளந்ததில் வந்த சிதறல், மேலே இருக்கும் மாஸ்டரின் பிழை எல்லாம் சேர்த்துக் கூட்டிய கணக்கு அது. அதில் ஹெய்சன்பர்க் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. வார்த்தை ஒன்றாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்களோ என்று தோன்றுகிறது.

அரூர் வாத்தியார்

ஓசூர்க்காரர் சொல்வது தான் பாதி விடை. மீதியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆற்றலுக்கும் நேரத்துக்கும் உள்ள நிச்சயமின்மை உறவைத் தோராயமாக எடுத்துக்கொள். நீ மல்டிமீட்டரை ஒரு விநாடி பார்த்தாய் என்று வை. எச்-ஐ நான்கு பையால் வகுத்தால் சுமார் 5 × 10⁻³⁵, அதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் சுமார் 3 × 10⁻¹⁶ வோல்ட். உன் மீட்டரின் கடைசி இலக்கம் 0.01 வோல்ட்டாக இருக்கும். கொள்கை கேட்கும் பங்கை உன் மீட்டர் கனவில்கூடப் பார்க்காது. அந்தப் பையனுக்கு நான் பூஜ்யம் போட்டிருப்பேன்.

உன் 5.9 எங்கிருந்து வந்தது என்றால், எல்இடி-க்கு "எரியத் தொடங்கும் வோல்ட்" என்று ஒன்று கிடையாது. மின்னோட்டம் வோல்ட்டோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும், எங்கே தொடங்கியது என்று யாராலும் கை வைத்துக் காட்ட முடியாது. கண்ணை நம்பினால் இன்னும் மோசம், நம் கண்ணுக்குப் பச்சை சீக்கிரம் தெரியும், நீலமும் அடர் சிவப்பும் தாமதமாகத் தெரியும், ஆக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு அளவுகோல். அறை வெப்பம் வேறு 0.026 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு எல்லாவற்றையும் மழுங்கடிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் அலைநீளத்தை அப்படியே எடுத்திருப்பாய், கீற்றணி (ஒளியைப் பிரித்து அலைநீளம் காட்டும் தகடு) வைத்துப் பார்த்திருக்க மாட்டாய். அடுத்த முறை நான்கு எல்இடிக்கும் ஒரே சிறிய மின்னோட்டம் ஓடும் வோல்ட்டை எடு, விளக்கை அணைத்துவிட்டு முறைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

பென்னாகரம் எம்எஸ்சி

நன்றி ஐயா. பெட்டியில் இருந்த அலைநீளத்தைத்தான் எடுத்தோம். ஆனால் என் கேள்வி அதோடு முடியவில்லை. என் சோதனை முரட்டுத்தனமானது, சரி. உலகத்திலேயே நல்ல கருவி வைத்திருப்பவர்கள் கொள்கை தொடும் இடம் வரை போவார்களே, அங்கே எச்-ஐத் தெரிந்துகொள்வதற்கு ஒரு எல்லை வருமா வராதா?

ராயக்கோட்டை 137

அணு இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறேன், ஊர் ராயக்கோட்டை. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொள்கை என்ன சொல்கிறது என்பதை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். கேஆர்பி அண்ணா சொன்ன "ஒளி பட்டுக் கலையும்" கதை ஹெய்சன்பர்க்கின் காமாக்கதிர் நுண்ணோக்கி உதாரணம். பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தச் சமனின்மையை அதே 1927-ல் நிரூபித்தவர் கென்னார்ட், 1929-ல் ராபர்ட்சன் அதைப் பொதுவாக்கினார். அதில் கலைப்பது பற்றிய பேச்சே இல்லை. ஒரே மாதிரி தயாரித்த ஒரு கோடி எலக்ட்ரான்களை எடுத்துக்கொள். பாதிக்கு இடத்தை மட்டும் அள, மீதிப் பாதிக்கு உந்தத்தை மட்டும் அள. ஒரு எலக்ட்ரானுக்கு ஒரே ஒரு அளவீடுதான், கருவி எவ்வளவு நல்லதாகவும் இருக்கட்டும். இடங்களின் திட்டவிலக்கத்தையும் உந்தங்களின் திட்டவிலக்கத்தையும் பெருக்கினால் எச்-ஐ நான்கு பையால் வகுத்த மதிப்புக்குக் கீழே போகாது. சிதறல் அந்த நிலைக்கே உரியது. (அளப்பதால் வரும் கலைவு தனி விஷயம், அதற்கு வேறு வாய்பாடு வேண்டும் என்று 2003-ல் ஒசாவா காட்டினார், 2012-ல் வியன்னாவில் நியூட்ரான்களை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். அது இப்போது வேண்டாம்.)

இப்போது பார், இந்தச் சமனின்மை எதைப் பற்றிப் பேசுகிறது? இடம், உந்தம் மாதிரி, ஒரு துகளின் நிலையில் அளக்கக்கூடிய இரட்டைகளைப் பற்றி. எச் அப்படி ஒரு அளவு கிடையாது. எந்த எலக்ட்ரானுக்கும் "சொந்த எச்" இல்லை. அது சமன்பாட்டில் எழுதியிருக்கும் எண், அதற்கு அலைச்சார்பு இல்லை, அதனோடு ஜோடி சேர்ந்து இழுக்கும் மறுபக்க அளவும் இல்லை. அதனால் எச்-இன் நிச்சயமின்மைக்கு அடியில் தரை என்று கொள்கை எதையும் போடவில்லை. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட சராசரியின் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறைந்துகொண்டே போகும்.

கேஆர்பி அணை

இடம், உந்தம் சரி, ஒப்புக்கொள்ளாமல் இல்லை. ஆற்றல், நேரத்துக்கு என்ன சொல்வீர்கள்? ஒரு துகள் கண நேரத்தில் அழிந்துவிடுகிறது என்றால் அதன் ஆற்றலே நிச்சயம் கிடையாது, அப்படியானால் அதன் நிறையும் நிச்சயம் கிடையாது. துகளின் நிறை அடிப்படை மாறிலி இல்லையா? அங்கே இயற்கையே "இதற்கு மேல் சொல்ல மாட்டேன்" என்கிறதே.

ராயக்கோட்டை 137

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. இசட் போசான் என்னும் அடிப்படைத் துகளை எடுத்துக்கொள்ளலாம். ஆயுள் சுமார் 2.6 × 10⁻²⁵ விநாடி. அதனால் அதன் ஆற்றல் 2.5 ஜிஇவி (துகள் இயற்பியலில் ஆற்றலுக்கும் நிறைக்கும் அலகு) அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது, நீங்கள் சொன்னபடி இது இயற்கை கொடுத்த அகலம், எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது.

ஆனால் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் லெப் என்ற துகள் முடுக்கியில் நான்கு சோதனைக் குழுக்கள் சேர்ந்து சுமார் ஒரு கோடியே எழுபது லட்சம் இசட்-களைப் பார்த்தார்கள். வந்த நிறை 91.1876 ஜிஇவி, பிழை 0.0021. அதாவது அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவான பிழை! மோதல் ஆற்றலை ஏற்றி இறக்கி எத்தனை இசட் பிறக்கிறது என்று எண்ணினால் ஒரு மணி வடிவ வளைவு வரும். வளைவு அகலம்தான், அதன் நடு உச்சி எங்கே என்பது அகலம் இல்லை.

இதைவிடச் சுவையானது, அந்த அகலமும் ஒரு எண் தானே, அதையும் அளந்தார்கள். 2.4952 ஜிஇவி, பிழை 0.0023. இசட் எத்தனை வகையாகச் சிதையலாம் என்பதைப் பொறுத்து அகலம் மாறும், அந்த எண்ணை வைத்துத்தான் லேசான நியூட்ரினோ மூன்றே வகை, நான்காவது கிடையாது என்று முடிவுக்கு வந்தார்கள். நிச்சயமின்மை என்று நாம் திட்டுவது இங்கே தகவலாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த 0.0021 எங்கே நின்றது தெரியுமா? நிலாவில். 27 கிலோமீட்டர் வளையம் நிலவின் ஈர்ப்பால் சுமார் ஒரு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கியது, அதனால் கற்றையின் ஆற்றல் நாளில் இரண்டு தடவை ஆடியது. அப்புறம் பக்கத்தில் ஓடும் மின்சார ரயில்களின் கசிவு மின்னோட்டம் முடுக்கிக் குழாய் வழியாகப் பாய்ந்து காந்தங்களைக் கிள்ளியது, நள்ளிரவுக்கு மேல் ரயில் ஓடாத நேரத்தில் மட்டும் அடங்கியிருக்கும். ஏரியின் நீர்மட்டத்துக்கும் திருத்தம் போட்டார்கள். ஹெய்சன்பர்க் தடுக்கவில்லை, நிலாவும் ரயிலும் தடுத்தன.

போச்சம்பள்ளி சந்தை

இது மாங்காய் லோடு கதை மாதிரி இருக்கிறதே. மண்டியில் ஒரு காய் 200 கிராம் இருக்கும், ஒன்று 350 இருக்கும், ஆனால் ஒரு லாரியில் காய்க்குச் சராசரி எடை என்ன என்று கேட்டால் கிராம் சுத்தமாகச் சொல்லலாம். காய் காய்க்கு வித்தியாசம் வேறு, சராசரி எவ்வளவு தெரியும் என்பது வேறு. இதுதானே?

ராயக்கோட்டை 137

புள்ளிவிவரக் கணக்கு வரைக்கும் அச்சு அசலாக இதுதான். அதற்கு மேல் இழுத்தால் உடையும். மாங்காயில் தராசில் வைக்கும் முன்பே ஒவ்வொரு காய்க்கும் ஒரு எடை இருக்கிறது, பெருங்காயைத் தனியாகப் பொறுக்கி வைக்கலாம். இசட்-களில் அப்படி "இது கனமானது, அது லேசானது" என்று பிறக்கும்போதே பிரிக்க ஒட்டிய சீட்டு எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே ரகம், ஒரே சரக்கு. வித்தியாசம் சரக்கில் இல்லாமல் ஆயுளின் குறுக்கத்தில் இருந்து வருகிறது, அதனாலேயே வளைவின் வடிவத்தை முன்கூட்டியே எழுதிவிட முடிகிறது. மாங்காய் லோடுக்கு அப்படி எழுத முடியாது, தோப்புக்குத் தோப்பு மாறும்.

ஓசூர் மைக்ரோமீட்டர்

எனக்கு வேறு சந்தேகம். எங்கள் தொழிலில் எல்லாச் சங்கிலிக்கும் மேலே ஒரு மாஸ்டர் இருக்கும். கிலோவுக்கு மாஸ்டர் பாரிஸ் பக்கத்தில் பிளாட்டினம் இரிடியம் உருளை என்று ஐடிஐயில் படித்தோம். இப்போது அது இல்லை, பிளாங்க் மாறிலிதான் மாஸ்டர் என்கிறார்கள். ஒரு எண்ணை வைத்து எடைக்கல்லை எப்படிச் சோதிப்பது? யாராவது எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா, யூடியூபில் எல்லாரும் தராசு படத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

அரூர் வாத்தியார்

இதை நான் எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

கிபிள் தராசில் ஒரு பக்கம் எடைக்கல், அதைத் தாங்குவது காந்தப்புலத்துக்குள் தொங்கும் கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் விட்டால் விசை வரும், அந்த விசை எடையைச் சரியாகத் தாங்கும்படி மின்னோட்டத்தை வைக்கிறார்கள். அப்போது நிறை × ஈர்ப்பு முடுக்கம் = காந்தப்புலம் × கம்பி நீளம் × மின்னோட்டம். இங்கே காந்தப்புலத்தையும் கம்பியின் பலன்தரும் நீளத்தையும் எட்டு இலக்கத்துக்கு அளப்பது ஆகாத காரியம். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த பிரையன் கிபிள் 1975-ல் வழி சொன்னார். அதே சுருளை அதே இடத்தில் மின்னோட்டம் இல்லாமல் நகர்த்து. வோல்ட் தூண்டப்படும். வோல்ட் = அதே காந்தப்புலம் × அதே நீளம் × வேகம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் அளக்க முடியாத இரண்டும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது:

நிறை × ஈர்ப்பு முடுக்கம் × வேகம் = வோல்ட் × மின்னோட்டம்

இடப்பக்கம் இயந்திரத் திறன், வலப்பக்கம் மின் திறன். இதில் எச் எங்கே என்று கேட்பீர்கள். வோல்ட்டை ஜோசப்சன் சந்தியை வைத்து அளக்கிறார்கள். மீக்கடத்திகள் இரண்டுக்கு நடுவே மெல்லிய தடுப்பு, அதன் மேல் நுண்ணலை விட்டால் வோல்ட் படிப்படியாக நிற்கும். ஒவ்வொரு படியும் அதிர்வெண் × எச் / 2இ, இ என்பது எலக்ட்ரானின் மின்னூட்டம். மின்தடைக்கு குவாண்டம் ஹால் விளைவு. 1980-ல் கிரெனோபிளில் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் பார்த்தது, 1985-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. அதில் மின்தடை எச் / இ², அதாவது 25812.807 ஓம், அதை முழு எண்ணால் வகுத்த படிகளில் நிற்கும். சில்லு எந்த வடிவம், அதில் எவ்வளவு அழுக்கு என்று அது கேட்காது.

மின்னோட்டம் என்றால் வோல்ட் வகுத்தல் மின்தடை. ஆக வலப்பக்கம் வோல்ட்டின் வர்க்கம் வகுத்தல் மின்தடை. எச்² / 4இ² என்பதை எச் / இ² ஆல் வகுத்துப் பாருங்கள். எலக்ட்ரானின் மின்னூட்டம் முழுதாக அடிபடும். மிஞ்சுவது எச் / 4, அதிர்வெண்களின் பெருக்கம், சில முழு எண்கள். அதிர்வெண்ணை எண்ணலாம், முழு எண்ணை எண்ணலாம். கரும்பலகையில் இதைப் போட்டு முடிக்கும்போது பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தங்கச்சியின் முதல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. குவாண்டம் என்றாலே மங்கல், தெளிவின்மை என்று பேசிப் பழகிவிட்டோம். இங்கே உலகத்தின் மிகத் தெளிவான வோல்ட்டும் ஓமும் குவாண்டத்தால்தான் கிடைக்கின்றன.

பென்னாகரம் எம்எஸ்சி

ஐயா, இ அடிபடுவதை நோட்டில் போட்டுப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. ஆனால் முதலில் எடைக்கல்லை வைத்து எச்-ஐ அளந்தார்கள், இப்போது எச்-ஐ வைத்து எடைக்கல்லை அளக்கிறார்கள் என்றால் நடுவில் என்ன நடந்தது?

அரூர் வாத்தியார்

2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுத்தன, 2019 மே 20 முதல் நடைமுறை. அதுவரை கிபிள் தராசுகளும், சிலிக்கான் 28 ஐசோடோப்பில் செய்த ஒரு கிலோ உருண்டையின் அணுக்களை எண்ணும் முறையும் தனித்தனியாக எச்-ஐக் கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்த்துப் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் தெரிந்த பிறகு, "இனி இந்த எண் நகராது" என்று ஆணி அடித்தார்கள். பிழை ஆவியாகிப் போகவில்லை, இடம் மாறியது. முன்பு பாரிஸ் உருளைக்குப் பிழை பூஜ்யம், எச்-க்குப் பிழை உண்டு. மாற்றிய அன்று எச்-க்குப் பூஜ்யம், உருளைக்குச் சுமார் 10 மைக்ரோகிராம். ஒளியின் வேகமான சி-க்கு 1983-லேயே இதே வேலையைச் செய்தாகிவிட்டது, விநாடிக்கு 299792458 மீட்டர்.

இன்னொன்று, உன் சோதனையில் வரும் எச், இ, சி மூன்றுமே இப்போது ஆணி அடித்தவை. ஆக நீ அளந்தது எச்-ஐ இல்லை, உன் வோல்ட்மீட்டரும் அலைநீளமும் எல்இடி பற்றிய உன் அனுமானமும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை.

கேஆர்பி அணை

நான் சொன்னது இதுதானே! அளந்து முடியவில்லை, ஓட்டுப் போட்டார்கள். இப்படியே எல்லா மாறிலிக்கும் ஓட்டுப் போட்டுவிட்டால் இயற்பியலில் பிழையே இருக்காது, என்ன வசதி.

ராயக்கோட்டை 137

போட முடியாதது ஒன்று இருக்கிறது அண்ணா, என் பெயரிலேயே இருக்கிறது. நுண்கட்டமைப்பு மாறிலி, ஆல்ஃபா, மின்காந்த விசையின் பலத்தைச் சொல்லும் எண். சுமார் 137-இல் ஒரு பங்கு. அலகே இல்லாத வெறும் எண். மீட்டரையும் கிலோவையும் நம் இஷ்டத்துக்கு நிர்ணயிக்கலாம், அதனால் எச்-உம் சி-உம் என்ன எண்ணாக வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. ஆல்ஃபாவைத் தீர்மானிக்க எந்தக் கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. எச், இ, சி மூன்றையும் அடித்து நிறுத்தியதும் ஆல்ஃபாவின் பிழை வேறு வழியில் வெளியே வந்தது, பள்ளியில் நான்கு பை × 10⁻⁷ என்று மனப்பாடம் செய்த வெற்றிடத்தின் உட்புகுதிறன் 2019-க்குப் பிறகு அளந்து சொல்ல வேண்டிய எண்ணாகிவிட்டது.

ஆல்ஃபாவை அளக்கும் ஒரு வழி: குளிர்ந்த அணு ஒன்று ஒரு ஃபோட்டானை விழுங்கினால் பின்னால் உதைபடும். ரூபிடியத்துக்கு அந்த உதை விநாடிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வேகம். இந்த வேகத்தில் எச் வகுத்தல் அணுநிறை ஒளிந்திருக்கிறது, அங்கிருந்து ஆல்ஃபாவுக்குப் போகலாம். 2018-ல் பெர்க்லியில் சீசியத்தை வைத்து அளந்தார்கள், ஆல்ஃபாவின் தலைகீழ் 137.035999046, கடைசி இரண்டு இலக்கத்தில் பிழை 27. 2020-ல் பாரிசில் ரூபிடியம், 137.035999206, பிழை 11. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இடைவெளி அவர்கள் சொன்ன பிழையைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 2023-ல் ஒற்றை எலக்ட்ரானைப் பொறியில் பிடித்து அதன் காந்தத் திருப்புத்திறனை அளந்த நார்த்வெஸ்டர்ன் குழுவின் எண்ணிலிருந்து வருவது 137.035999166, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. யார் பக்கமும் சேரவில்லை.

என்னைக் கேட்டால் இதில் யாரோ ஒருவரின் லேசர் கற்றையில் கண்டுபிடிக்காத கோணல் இருக்கிறது. லேசரின் அலைமுகம் கொஞ்சம் நெளிந்திருந்தாலே உதையின் அளவு மாறும். புது இயற்பியல் என்று குதிக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும். இது என் ஊகம்தான்.

ஓசூர் மைக்ரோமீட்டர்

நீங்கள் எல்லாரும் "ஹெய்சன்பர்க் தடுக்கவில்லை, வேறு அழுக்கு தடுத்தது" என்றே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். எல்லா அழுக்கையும் துடைத்துவிட்டு அந்தச் சுவரில் நிஜமாகவே போய் முட்டிய கருவி உலகத்தில் ஒன்றாவது உண்டா?

ராயக்கோட்டை 137

உண்டு. இங்கே கேஆர்பி அண்ணாவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

சீசியம் நீரூற்றுக் கடிகாரம். விநாடியின் வரையறை 9192631770 அதிர்வுகள், 1967 முதல். அணுக்களை மேலே எறிந்து, ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை நுண்ணலையில் நனைக்கிறார்கள். நடுவில் அரை விநாடி போல இருப்பதால் கோட்டின் அகலம் சுமார் ஒரு ஹெர்ட்ஸ். ஆனால் நடு உச்சியை அந்த அகலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை பிடிக்கிறார்கள், அதனால்தான் 10¹⁶-இல் சில பங்கு என்ற துல்லியம். அந்தக் கோட்டின் வளைவுச் சரிவின் நடுவே ஒவ்வொரு அணுவும் "ஆம்" அல்லது "இல்லை" என்று பாதிக்குப் பாதி வாய்ப்பில்தான் பதில் சொல்லும், அந்தக் குவாண்டம் இரைச்சல் நல்ல கடிகாரங்களில் கண் முன்னால் தெரியும். ஆனால் அதுவும் சுவர் இல்லை. அணுக்களைக் கூட்டினால் வர்க்கமூலத்தில் குறையும், இன்னும் நேரம் ஓட்டினால் இன்னும் குறையும். அணுக்களைத் தனித்தனியாகப் பேச விடாமல் பின்னிப்பிணைத்துவிட்டால் கொள்கை அனுமதிக்கும் அளவு வர்க்கமூலத்திலிருந்து எண்ணிக்கைக்கே நேர்த்தலைகீழாகிறது.

அடுத்தது ஈர்ப்பலை பிடிக்கும் லைகோ. 40 கிலோ கண்ணாடிகள், அவற்றின் அசைவை ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே பார்க்க வேண்டும், ஃபோட்டான்கள் சீராக வராமல் சிதறி வருவதே அங்கே இரைச்சல். 2019-லிருந்து இறுக்கிய ஒளியை உள்ளே செலுத்துகிறார்கள். ஒளியின் கட்டத்தில் உள்ள சிதறலை நசுக்கி அதற்கு விலையாக வீச்சில் ஊத விடுவது. பெருக்கம் கொள்கை சொன்னபடியே இருக்கும், நமக்கு வேண்டாத பக்கத்தில் அசிங்கம் போய்ச் சேரும். மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்தில் கட்டவிருக்கும் லைகோ இந்தியாவுக்கும் இதே தந்திரம் தேவைப்படும்.

ஆக, ஒரு கருவி ஒரு நேரத்தில் எவ்வளவு கேட்கும் என்பதற்குக் கொள்கை விலை வைக்கிறது. மாறிலியின் மதிப்பை இதற்கு மேல் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தடை போடவில்லை.

கேஆர்பி அணை

சரி, விலைதான் வைக்கிறது, தடை இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாறிலி மாறாமல் இருந்தால்தானே சராசரி எடுப்பதில் அர்த்தம்? எச்-உம் ஆல்ஃபாவும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தால் உங்கள் கோடி அளவீடும் ஆடும் எண்ணின் சராசரிதான்.

ராயக்கோட்டை 137

தேடியிருக்கிறார்கள். அலகு உள்ள எச் மாறியதா என்று தனியாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை, அளவுகோலும் சேர்ந்து மாறியிருக்கலாம், அதனால் ஆல்ஃபாவைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் இயற்கையாகவே ஒரு அணு உலை எரிந்து அணைந்திருக்கிறது, 1972-ல் கண்டுபிடித்தார்கள். அதன் சாம்பலில் மிச்சமிருக்கும் சமாரியம் ஐசோடோப்பு விகிதம் அன்றைய ஆல்ஃபாவுக்குச் சாட்சி. இன்னொரு பக்கம் 2008-ல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் அலுமினியம் அயனிக் கடிகாரத்தையும் பாதரச அயனிக் கடிகாரத்தையும் ஒப்பிட்டார்கள், ஆல்ஃபா மாறினாலும் ஆண்டுக்கு 10¹⁷-இல் சில பங்குக்கு மேல் இல்லை என்று வந்தது, அதற்குப் பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள். இதுவரை அசைவு பிடிபடவில்லை.

போச்சம்பள்ளி சந்தை

இத்தனை இலக்கம் பேசுகிறீர்கள், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி மட்டும் ஏன் என் பையன் புத்தகத்தில் 6.67 என்று இரண்டு புள்ளியோடு நிற்கிறது? அதுதான் எல்லாவற்றையும்விடப் பழசு.

அரூர் வாத்தியார்

பள்ளிப் புத்தகத்துக்காகச் சுருக்கியது அது, முழு எண் 6.67430 × 10⁻¹¹. ஆனால் பிழை லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல், மற்ற மாறிலிகளோடு வைத்தால் வெட்கக்கேடுதான். இங்கே குவாண்டம் எதுவும் குறுக்கே வரவில்லை. ஈர்ப்பு மிகவும் பலவீனம். மின்விசைக்குத் தடுப்புக் கூண்டு கட்டலாம், ஈர்ப்புக்குக் கட்ட முடியாது, பக்கத்து அறையில் ஆள் நடந்தாலும் மழை பெய்து மண் நனைந்தாலும் முறுக்குத் தராசுக்கு (மெல்லிய கம்பியில் தொங்கி, அது முறுகுவதை வைத்து விசையை அளப்பது) தெரியும். நம் பக்கத்திலேயே கௌரிபிதனூரில் டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) ஆட்கள் முறுக்குத் தராசைப் பூமிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது இந்தத் தொல்லைக்குப் பயந்துதான். அங்கே தேடியது வேறு நுண்ணிய விசைகளை, பிரச்சினை ஒன்றே.

1798-ல் கேவண்டிஷ் செய்த அதே முறுக்குக் கம்பிதான் இன்றைக்கும் பிரதானம். 2018-ல் சீனாவின் வூஹானில் ஒரே குழு இரண்டு முறைகளில் அளந்தது. ஒன்றில் 6.674184, இன்னொன்றில் 6.674484, இரண்டுக்கும் பிழை கடைசி இலக்கங்களில் 78. கழித்துப் பாருங்கள், 300 வரும். அதே ஆட்கள், அதே கவனம், இருந்தும் இரண்டும் ஒட்டவில்லை. கம்பி முழுக்க நெகிழ்வாக இல்லாமல் கொஞ்சம் பிசினாக நடந்துகொள்வது ஒரு சந்தேகம்.

ராயக்கோட்டை 137

இதற்கும் குவாண்டம் பக்கத்திலிருந்து ஒரு முயற்சி உண்டு ஐயா. 2014-ல் ஃப்ளாரன்சில் கம்பியே இல்லாமல், விழும் ரூபிடியம் அணுக்களின் பக்கத்தில் டங்ஸ்டன் உருளைகளை நகர்த்தி அணு அலைகளின் குறுக்கீட்டில் பார்த்தார்கள். 6.67191, பிழை 99. கம்பி ஆட்களைவிடப் பிழை அதிகம்தான், ஆனால் கம்பியின் பிசின் இதில் கிடையாது.

கேஆர்பி அணை

வூஹான் ஆட்கள் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்களா, பிடிக்காததை மறைக்காமல்? அதற்காகவே ஒரு சலாம். ஈர்ப்பு மாறிலிக்குத் தனி இழை போடுகிறேன், வாத்தியார் அங்கே வாருங்கள், அந்தக் கம்பி சமாச்சாரத்தை விடப்போவதில்லை.